தீவைத் தின்ற சூளை

பயண நூலாசிரியர் சோமலெ பிறந்த நெற்குப்பையிலும் செட்டிநாட்டின் பிற ஊர்களிலும் பழைய வீட்டுச் சுவரைத் தொட்டுப் பார்ப்போர் அதன் வழவழப்பைக் கண்டு வியப்பர். சுண்ணாம்புச் சாந்தைப் பல படலங்களாகப் பூசி, முட்டை வெண்கரு கலந்த மேற்பூச்சைத் தேய்த்துப் பெற்ற மெருகு அது. சுண்ணாம்புக்கல், கிளிஞ்சல், பவளப்பாறை ஆகிய மூன்றும் தோற்றத்தில் வேறாயினும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. ஏறத்தாழ 900 பாகை செல்சியசு வெப்பத்தில் சுட்டால் கரியமில வாயு நீங்கிச் சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். உள்நாட்டுச் சூளைகளுக்குக் கல்லும் கிளிஞ்சலும் கிடைத்தன. மன்னார் வளைகுடாக் கரையிலோ கடலின் அடித்தளமே தோண்டப்பட்டது.

அதன் தடயத்தைக் கரையிலேயே காணலாம். 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த தனுஷ்கோடியில், கூரையிழந்து நிற்கும் தேவாலயச் சுவர்களில் காரை உதிர்ந்த இடங்களெல்லாம் தேன்கூடு போன்ற கண்ணறைகள் தெரியும். அவை ஒருகாலத்தில் உயிர்கள் குடியிருந்த பவளக்கற்கள்.

பவளப்பாறை வெறுங்கல் அன்று. கடுகளவே ஆன சிற்றுயிர்கள் கடல்நீரிலுள்ள சுண்ணத்தைப் பிரித்துத் தமக்குக் கூடு கட்டிக்கொள்கின்றன. கூட்டின்மேல் கூடாக வளர்வதே பாறை. (அணிகலனாகும் செம்பவளம் வேறு இனம், இரண்டையும் ஒன்றெனக் கருதலாகாது.) திரண்ட வடிவுடைய பவளம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே வளரும். ஒரு முழ உயரப் பாறைக்கு அரை நூற்றாண்டு வேண்டும். அதைப் பெயர்க்கக் கடப்பாரையும் சிறிது நேரமும் போதும்.

தூத்துக்குடி, மண்டபம் பகுதிகளிலிருந்து வள்ளங்களில் சென்றோர் ஆழமற்ற நீரில் மூழ்கிப் பாறையைப் பெயர்த்துக் கரை சேர்த்தனர். சுண்ணாம்புக்கும் கட்டடத்திற்கும் சாலைக்கும் கால்சியம் கார்பைடு தயாரிப்பிற்கும் அது பயன்பட்டது. மூழ்கியவர் பெற்றது அன்றாடக் கூலியே. கேட்டுப் பெற்றவர்கள் கரையில் இருந்தனர். பழியை மீனவர்மேல் மட்டும் சுமத்துவது முறையன்று.

பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள் இருந்தன. காரைச்சல்லி, புலுவினிசல்லி, விலங்குசல்லி என்பன அவற்றுள் சில. சல்லி என்பது உடைந்த சிறுகல்லைக் குறிக்கும் சொல். பவளச் சிதைவும் மணலும் திரண்டு உருவான இத்தீவுகளுக்குச் சுற்றியுள்ள பாறையே அரண். அலை முதலில் பாறையில் மோதி வலுவிழந்த பின்னரே கரையைத் தொடும். அரண் பெயர்க்கப்பட்டதும் அலைகள் நேரே மணலை அரித்தன. விலங்குசல்லியும் பூவரசன்பட்டியும் நீரில் மூழ்கின. கடல்மட்ட உயர்வுக்கும் இதில் பங்குண்டு. எனினும் பவள அகழ்வே முதன்மைக் காரணம் என்பது ஆய்வாளர் கருத்து.

1986இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாயிற்று. 2001இல் பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அதன் பின்னரும் அகழ்வு முற்றிலும் நிற்கவில்லை. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின், பாறையின் காவலைக் கரையோர மக்கள் கண்கூடாக உணர்ந்த பிறகே அது ஓய்ந்தது.

தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவும் பெரும்பகுதியை இழந்து சிறு மணல்திட்டாகச் சுருங்கியது. 2015 முதல் அதன் கடற்புறத்தில் துளைகளுடைய கான்கிரீட் கட்டமைப்புகள் இறக்கப்பட்டன. அலையின் வேகம் தணிந்து மணல் மீண்டும் படிந்தது. துளைகளில் மீன்கள் குடியேறின. கான்கிரீட்டின்மேல் இளம் பவளங்களும் பற்றி வளரத் தொடங்கின.