பலசாலி தோற்பது ஏன்?

குத்துச்சண்டை மேடையில் ஒரு விசித்திரக் கணக்கு

குப்பன் சுப்பனை அடித்து ஜெயிக்கிறான். கந்தன் குப்பனை அடித்து ஜெயிக்கிறான். அப்படியானால் கந்தனும் சுப்பனும் மோதினால் யார் ஜெயிப்பார்கள்?

"இது ஒரு கேள்வியா? கந்தன்தான்!" என்பார் கணக்கு வாத்தியார்.

குத்துச்சண்டை வாத்தியாரைக் கேட்டுப் பாருங்கள். அவர் அவ்வளவு சுலபமாகப் பதில் சொல்லமாட்டார். "யார் குட்டை? யார் நெட்டை? எவன் முன்னே பாய்கிறவன்? எவன் பின்னே நகர்கிறவன்? அதைச் சொல்லு முதலில்" என்பார்.

கோவை காந்திபுரத்தில் உடற்பயிற்சிக் கூடங்களுக்குக் குறைவில்லை. மாலையில் பயிற்சி முடித்து, நனைந்த பனியனோடு டீக்கடைக்கு வரும் பையன்கள் இந்த வழக்கைத்தான் பேசுகிறார்கள்.

"ஏனுங்கண்ணா, முகமது அலி பெரிய ஆளுங்களா, ஜார்ஜ் போர்மேன் பெரிய ஆளுங்களா?"

"போர்மேன் கையைப் பார்த்தியா தம்பி? உலக்கை மாதிரி இருக்கும்!"

"அப்புறம் ஏனுங்க தோத்துப் போனாரு?"

நல்ல கேள்வி. பதிலைப் பார்ப்போம்.

கைப் பருமனைப் பார்த்து ஆளை எடைபோடுவது நம் ஊருக்குப் புதிதல்ல. ஜெர்மனியில் பிறந்த யூஜின் சாண்டோ என்ற பலசாலியின் பெயர் இங்கே ஒரு பட்டமாகவே ஆகிவிட்டது. கோவையில் பிறந்த படத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவருக்கு 'சாண்டோ' என்பது பெயரோடு ஒட்டிக்கொண்டது. கையில்லாத பனியனுக்குக்கூட 'சாண்டோ பனியன்' என்றுதான் பெயர்!

தேவர் 1978-ல் காலமானார். இன்னும் இரண்டு வருஷம் இருந்திருந்தால் ஓர் அரிய காட்சியைப் பார்த்திருப்பார். 1980-ல் முகமது அலி சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் தம் பழைய நண்பர் ஜிம்மி எல்லிசுடன் காட்சிச் சண்டை போட்டார். தேவரின் நண்பர் எம்.ஜி.ஆரும் அங்கே வந்திருந்தார். அதே பயணத்தில் டெல்லியில் அலியை எதிர்த்து நின்றவர் நம் ராணுவ வீரர் கவுர் சிங். நான்கு ரவுண்டுகள் நடந்தன. அந்தக் கவுர் சிங்தான் 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் ஹெவி வெயிட் தங்கம் வாங்கினார்.

உச்ச வரம்பு இல்லாத எடை

'ஹெவி வெயிட்' என்றால் பெரிய உடம்புக்காரர்களின் பிரிவு. மற்றப் பிரிவுகளில் இரண்டு வீரர்களுக்கும் எடை ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். ஹெவி வெயிட்டில் அப்படி இல்லை. அலியின் காலத்தில் 79 கிலோவைத் தாண்டினால் போதும். அதற்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம். ஆகவே குட்டையானவர், பனைமரம் போன்றவர், கனத்தவர், மெலிந்தவர் எல்லோரும் ஒரே மேடையில் மோதுவார்கள். உடம்பு வேறு. முறையும் வேறு. ஒருவரிடம் பலித்த வித்தை இன்னொருவரிடம் பலிக்காது. அதோடு, அங்கே ஒரே குத்தில் ஆட்டம் முடிந்துபோகும். தவறைத் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்காது.

நம் குப்பன், சுப்பன், கந்தன் கதை உண்மையிலேயே நடந்தது.

அலி நெட்டையானவர். கால்கள் மின்னலாக நகரும். கைகளைத் தாழ்த்தி வைத்துக்கொள்வார். குத்து வந்தால் தலையைப் பின்னுக்கு இழுத்துத் தப்புவார். ஜோ பிரேசியர் அவரைவிடக் குட்டை. குனிந்து, தலையை ஆட்டிக்கொண்டே முன்னேறுவார். நெருங்கியதும் இடது கையை வளைத்து விடுவார். அது விழுந்தால் சுவரும் அசையும்!

1971 மார்ச் 8. நியூயார்க் நகரம். அலி பின்னுக்குச் சாயச் சாய, பிரேசியர் உள்ளே புகுந்துகொண்டே இருந்தார். கடைசி ரவுண்டான 15-வது ரவுண்டில் பிரேசியரின் இடது கை அலியின் தாடையில் இறங்கியது. அலி மல்லாந்து விழுந்தார். எழுந்துவிட்டார் என்றாலும் வெற்றி பிரேசியருக்கே.

1973 ஜனவரியில் ஜமைக்கா நாட்டின் கிங்ஸ்டன் நகரில் பிரேசியரும் போர்மேனும் மோதினார்கள். பிரேசியர் வழக்கம்போலக் குனிந்து உள்ளே புகுந்தார். போர்மேனுக்கு வேண்டியதும் அதுதான்! நீண்ட கைகளால் தோளைப் பிடித்துத் தள்ளினார். குனிந்த முகத்தில் கீழிருந்து மேலாகக் குத்தினார். இரண்டே ரவுண்டு. அதற்குள் பிரேசியர் ஆறு முறை விழுந்தார். அலியைத் திணற வைத்த அதே குனிவு, போர்மேனிடம் அவருக்கு எமனாக முடிந்தது.

நடுவே கென் நார்ட்டன் என்று ஒருவர் வந்தார். 1973 மார்ச்சில் அலியின் தாடை எலும்பை உடைத்து ஜெயித்தார். அலி இடது கையை நீட்டும்போதெல்லாம் அவரும் கூடவே நீட்டினார். அலிக்குத் தாளம் தப்பியது. அதே நார்ட்டன், அடுத்த வருஷம் போர்மேனிடம் இரண்டாவது ரவுண்டிலேயே விழுந்தார்.

ஆக, அலியைத் தோற்கடித்த இருவரையும் போர்மேன் இரண்டிரண்டு ரவுண்டில் சுருட்டிவிட்டார். கணக்கு வாத்தியாரின் தீர்ப்பு என்ன? அலி பிழைப்பதே கஷ்டம். உலகமும் அப்படித்தான் நினைத்தது.

கின்ஷாசாவில் விடியற்காலை

1974 அக்டோபர் 30. ஆப்பிரிக்காவில் அப்போது ஜயர் என்று அழைக்கப்பட்ட நாடு. இப்போது காங்கோ ஜனநாயகக் குடியரசு. தலைநகர் கின்ஷாசாவில் விடியற்காலை 4 மணிக்குச் சண்டை. போர்மேனுக்கு வயது 25. அதுவரை 40 சண்டை போட்டு ஒன்றிலும் தோற்காதவர். அலிக்கு 32.

அலி ஆடி ஓடுவார் என்று எதிர்பார்த்தார்கள். அவரோ கயிற்றில் சாய்ந்துகொண்டார்! முகத்தைக் கையுறைகளால் மூடினார். "அடி, எவ்வளவு வேண்டுமானாலும் அடி" என்பது போல நின்றார். போர்மேன் விலாவிலும் தோளிலும் மாறி மாறிக் குத்தினார். அலியோ அவர் காதருகே கேலி பேசினார்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. போர்மேனின் வித்தை ஒன்றே ஒன்று. குத்து. இரண்டு ரவுண்டில் எதிரி படுத்துவிடுவான். படுக்காவிட்டால் என்ன செய்வது? அதைக் கற்றுக்கொள்ள அவருக்குச் சந்தர்ப்பம் அதிகம் வந்ததில்லை. ஐந்தாவது ரவுண்டு, ஆறாவது ரவுண்டு. குத்துகிறார், எதிரி விழவில்லை. கை கனக்கிறது. 'இவனை என்னால் வீழ்த்த முடியாதோ?' என்ற எண்ணம் வந்துவிட்டால் கை அதைவிடக் கனக்கும். எட்டாவது ரவுண்டில் அலி கயிற்றை விட்டு வெளியே வந்தார். படபடவென்று சில குத்துகள். போர்மேன் சுழன்று விழுந்தார். நடுவர் பத்து எண்ணி முடித்தார்.

ஒட்டுத் தாடி கொண்டு போனவர்

மேடையில் பிறக்கும் சந்தேகம் ஒரு வகை. வீட்டிலிருந்தே கூட வரும் சந்தேகம் இன்னொரு வகை.

பிளாய்டு பேட்டர்சன் 21 வயதில் உலகச் சாம்பியன் ஆனவர். 1962 செப்டம்பரில் சிக்காகோவில் சன்னி லிஸ்டனை எதிர்த்தார். லிஸ்டன் முறைத்தாலே எதிரிகள் நடுங்குவார்கள். பேட்டர்சன் அன்று மைதானத்துக்குக் கொண்டுபோன பெட்டியில் என்ன இருந்தது தெரியுமா? ஒட்டுத் தாடியும் ஒட்டு மீசையும்! தோற்றுப்போனால் யார் கண்ணிலும் படாமல் போவதற்கு!

முதல் ரவுண்டிலேயே தோற்றார். தாடியை ஒட்டிக்கொண்டு இருட்டில் ஊரை விட்டுப் போனார்.

கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் நான் அவரைக் கோழை என்று சொல்லமாட்டேன். பயம் இருந்தும் மேடை ஏறினாரே! அடுத்த வருஷம் அதே லிஸ்டனோடு மறுபடி மோதினார். மறுபடி முதல் ரவுண்டிலேயே விழுந்தார். அதற்குப் பிறகும் 1972 வரை சண்டை போட்டார்.

லிஸ்டனுக்கு என்ன ஆயிற்று? 1964 பிப்ரவரியில் அவர் எதிரே வந்தவர் காசியஸ் கிளே என்ற 22 வயது இளைஞர். பிறகு முகமது அலி என்று பெயர் மாற்றிக்கொண்டவர் இவரே. எடை பார்க்கும் இடத்திலேயே பைத்தியம் போலக் கத்தினார். டாக்டர் நாடி பிடித்துப் பார்த்தால் நிமிஷத்துக்கு 120! "பையன் பயந்துவிட்டான்" என்றார்கள். பயந்தவர் மேடையில் கையில் சிக்கவே இல்லை.

ஆனால் அவருக்கும் ஒரு கண்டம் வந்தது. நான்காவது ரவுண்டு முடிந்ததும் கண்ணில் ஏதோ பட்டு எரிந்தது. "கையுறையை வெட்டி எடுங்கள், போதும்" என்றார் கிளே! பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி விடவில்லை. முதுகில் கை வைத்து மேடைக்குத் தள்ளினார். ஏழாவது ரவுண்டுக்கு மணி அடித்தபோது எழுந்திருக்காமல் முக்காலியில் உட்கார்ந்திருந்தவர் லிஸ்டன். தோளில் அடி என்றார். யாரையும் முறைத்தே அடக்கியவர் அவர்.

கின்ஷாசாவில் தோற்ற போர்மேனும் வெகு நாள் காரணம் தேடினார். கயிறு தளர்ந்திருந்தது என்றார். நடுவர் வேகமாக எண்ணினார் என்றார். தண்ணீரில் ஏதோ கலந்திருந்தது என்றுகூடச் சொன்னார். 1977-ல் ஜிம்மி யங் என்பவரிடம் தோற்றதும் சண்டையை விட்டுவிட்டுப் பாதிரியார் ஆனார். பத்து வருஷம் கழித்து, உடம்பு பெருத்து, தலையை மழித்துக்கொண்டு திரும்பி வந்தார். ஊர் சிரித்தது. அலிதான் தம்மைவிடச் சிறந்தவர் என்று அவரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்.

1994 நவம்பர் 5. லாஸ் வேகாஸ் நகரம். 45 வயது போர்மேன், 26 வயது உலகச் சாம்பியன் மைக்கேல் மூரரை எதிர்த்தார். ஒன்பது ரவுண்டுகள் வரை அடி வாங்கினார். புள்ளியில் பின்தங்கினார். ஆனால் இந்த முறை அவசரப்படவில்லை. அவருடைய மூலையில் பயிற்சியாளராக நின்றவர் யார்? அலியை முதுகில் தள்ளிவிட்ட அதே ஏஞ்சலோ டண்டி! பத்தாவது ரவுண்டில் போர்மேனின் வலது கை நேராகச் சென்றது. மூரர் சாய்ந்தார். போர்மேன் தம் மூலைக்குப் போய் மண்டியிட்டார்.

பிரேசியர் 2011-லும் அலி 2016-லும் போர்மேன் 2025 மார்ச்சிலும் மறைந்தார்கள்.

லாஸ் வேகாஸில் அந்த இரவு போர்மேன் போட்டிருந்தது ஒரு பழைய சிவப்புக் கால்சட்டை. 20 வருஷங்களுக்கு முன் கின்ஷாசாவில் அலியிடம் விழுந்தபோது போட்டிருந்த அதே கால்சட்டை.