முள் சொல்வது பாதி, கணக்குச் சொல்வது மீதி

விடுமுறை வந்துவிட்டால் நம்மில் பலர் மோட்டார் சைக்கிளில்தான் வீடு திரும்புகிறோம். "இன்னும் எவ்வளவு தூரம் ஓடும்?" என்ற கேள்விக்கு எண்ணெய் முள்ளைப் பார்த்தே விடை சொல்லிவிடுகிறோம். அந்த முள்ளை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை இக்கட்டுரையில் விளக்க விழைகிறேன்.

நான் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு பழைய இரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவன். இன்று அங்குப் பால்மரங்கள் இல்லை, செம்பனைதான். குடும்பங்கள் பலவும் பட்டணத்திற்குப் போய்விட்டன. இரவில் அந்தச் செம்மண் பாதையில் வண்டி நின்றால் தள்ளிக்கொண்டு போவதைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே, எங்களுக்கு இது வெறும் இயந்திரக் கேள்வியன்று.

தொட்டிக்குள் ஒரு மிதவை உண்டு. எண்ணெய் இறங்க அதுவும் இறங்கும், அதனோடு மின்தடை மாறும், முள் நகரும். ஆனால், தொட்டி சதுரப் பெட்டியன்று. மேலே அகன்றும் கீழே குறுகியும் இருக்கும். அதனால் முதல் பாதி மெதுவாகவும் அடுத்த பாதி விரைவாகவும் தீரும். தொட்டி நிரம்பியிருக்கையில் மிதவை மேற்கூரையில் முட்டி நிற்பதால், எண்ணெய் குறைந்தும் முள் சிறிது நேரம் அசையாது. மேட்டில் ஏறும்போதும் பக்கவாட்டு ஸ்டாண்டில் நிறுத்தும்போதும் எண்ணெய் ஒருபுறம் ஒதுங்க, முள் பொய் சொல்லும்.

எண்ணெய் நிலையத்தின் அளவுமானியோ 1972ஆம் ஆண்டு நிறுவை, அளவைச் சட்டத்தின்படி சோதிக்கப்படுவது. எனவே கணக்கை அங்கிருந்து தொடங்குவோம். தொட்டியை நிரப்பித் தூரமானியைச் சுழியத்தில் வையுங்கள். அடுத்த முறை அதே நிலையில் வண்டியை நிறுத்தி, அதே மட்டத்திற்கு நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுங்கள்.

என் அண்ணனின் 250 சிசி வண்டியில் மூன்று முறை கணக்கிட்டோம். லிட்டருக்கு 30, 28, 25 கிலோமீட்டர் வந்தது. பின்னால் ஆளும் மூட்டையும் இருந்தபோது வந்ததே 25. சராசரியை எடுக்காமல் குறைந்ததையே எடுக்க வேண்டும். தொட்டி 14 லிட்டர்; அதில் 3 லிட்டரைத் தொடாமல் வைத்தால் 11 பெருக்கல் 25, அதாவது 275 கிலோமீட்டர். நெடுஞ்சாலைக் கிலோமீட்டர் பலகைகளோடு தூரமானியையும் ஒப்பிடுங்கள். 20 கிலோமீட்டருக்கு அது 20.6 காட்டினால், அதன் 275 உண்மையில் 267தான்.

இனி 1982இல் திறக்கப்பட்ட கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையைப் பார்ப்போம். கிரிக்கிலிருந்து ஜெலி சுமார் 120 கிலோமீட்டர். யானைகள் நடமாடும் மலைக்காடு. எண்ணெய் நிலையங்கள் மிகக் குறைவு. ஈப்போவிலிருந்து கிரிக்கே 100 கிலோமீட்டருக்கு மேல். மொத்தம் 220ஐத் தாண்டிவிடும், அதிலும் மேட்டுப்பாதை. ஆகவே, முள் பாதியைக் காட்டினாலும் கிரிக்கில் நிரப்பிக்கொள்வதே அறிவுடைமை.

பழைய கார்புரேட்டர் வண்டிகளில் 'ரிசர்வ்' குழாய் உண்டு. எண்ணெய் நிரப்பியதும் அதைப் பழைய நிலைக்குத் திருப்பிவிட வேண்டும். இல்லையேல் மறுமுறை எச்சரிக்கையே கிடைக்காது. புதிய வண்டிகளில் பெரும்பாலும் எச்சரிக்கை விளக்கு மட்டுமே. தொட்டிக்குள் இருக்கும் பம்பை எண்ணெய்தான் குளிர்விக்கிறது. அடிக்கடி வற்றவிட்டால் பம்பின் ஆயுள் குறையும்.

வெள்ளம் வருமுன் அணை போடுவோம். பையில் ஒரு சிறு குறிப்பேடு போதும், நண்பர்களே! நான்கு முறை நிரப்பியதை எழுதி வைத்தால், உங்கள் வண்டியைப் பற்றி முள்ளைவிட நீங்களே நன்கு அறிந்தவர் ஆவீர்கள்.