எள்ளுத்தாத்தாவின் கல்யாணம் எந்தப் பதிவேட்டில்?

குயிலாப்பாளையத்தில் தொடங்கி மரக்காணம் உப்பளம் வரைக்கும் உள்ள ஊர்களில் யாரையாவது கேட்டுப் பாருங்கள்: உங்கள் எள்ளுத்தாத்தாவுக்கு எந்த வருஷம் கல்யாணம் ஆயிற்று? பெண் எடுத்தது எந்த ஊரில்? சொந்த நிலம் இருந்த குடும்பமாக இருந்தால் பழைய கிரயப் பத்திரம் ஒன்றில் அவர் பெயரும் அவருடைய தகப்பனார் பெயரும் கிடைக்கலாம். அடுத்தவர் நிலத்தில் ஏர் பிடித்தவர், உப்பு வாரியவர் வீட்டில் அதுவும் இருக்காது. பாட்டிமார்களின் பெயர் இரண்டு மூன்று தலைமுறைக்கு மேல் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது.

அதே காலத்தில், இதே செம்மண் காட்டிலிருந்து புதுச்சேரிக்கு நடந்து போய்க் கப்பலேறிய ஓர் ஏழைக் கூலியாளின் கதை வேறு. அவருடைய வயது, உயரம், அப்பா பெயர், அம்மா பெயர், சாதி, ஊர், கன்னத்துத் தழும்பு, ஏறிய கப்பல், இறங்கிய நாள் எல்லாம் இந்தியப் பெருங்கடலின் நடுவே ரீயூனியன் தீவின் காப்பகத்தில் மையெழுத்தில் இருக்கக்கூடும். ஊரோடு இருந்தவர் காகிதத்தில் காணாமல் போனார். ஊரை விட்டுப் போனவர் காகிதத்தில் தங்கிவிட்டார்.

காரணம் எளிது. தமிழ்நாட்டில் கல்யாணத்துக்கு ஊரும் உறவும்தான் சாட்சி. எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்தே ஆகவேண்டும் என்ற சட்டம் இங்கே 2009-இல்தான் வந்தது. கடல் கடந்தவரின் நிலை அப்படியில்லை. பிரெஞ்சுத் தீவுகளில் 1848-இல் அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ஆள் பிடித்தார்கள். ஓடிப்போனால் தேடிப் பிடிக்க அங்க அடையாளம் வேண்டும். கூலிக் கணக்குக்கு எண் வேண்டும். நம் குடும்ப வரலாற்றுக்காக யாரும் அதை எழுதவில்லை. தோட்ட முதலாளியின் கணக்குக்காக எழுதியதுதான் இன்று பேரப்பிள்ளைகளின் கைக்கு வந்திருக்கிறது. அந்தக் கொடுமையை மறக்காமலேதான் இந்த ஏடுகளைப் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

குயிலாப்பாளையத்தின் இருப்பிடமே இந்தத் தேடலுக்கு ஒரு பாடம். ஊர் அன்றைக்கு ஆங்கிலேயரின் தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. தெற்கே ஒரு நடைத்தூரத்தில் பிரெஞ்சுப் புதுச்சேரி. வடகிழக்கில் காலாப்பட்டு மறுபடியும் பிரெஞ்சு மண், அதைத் தாண்டினால் மீண்டும் ஆங்கில மண். புதுச்சேரியில் கப்பலேறியவர்களில் பெரும்பாலோர் இப்படி அக்கம்பக்கத்து ஆங்கிலப் பகுதியிலிருந்து போனவர்கள்தாம். இதை முறைப்படுத்தவே 1860, 1861 ஆண்டுகளில் இரு அரசுகளும் உடன்படிக்கை செய்துகொண்டன. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஆங்கிலேய முகவர்கள் உட்கார்ந்தார்கள். ஆகவே ஏட்டில் ‘புதுச்சேரி’ என்று இருந்தால் அது பெரும்பாலும் கப்பலேறிய துறைமுகமாக இருக்கும். பிறந்த ஊர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பிறந்த இடத்துக்கு நேரே திண்டிவனம் என்று எழுதியிருந்தாலும் அது வட்டத்தின் பெயராகவே இருக்கலாம். மரக்காணம் நெடுங்காலம் திண்டிவனம் வட்டத்துக்குள்தான் இருந்தது. தென்னார்க்காடே 1993-இல் கடலூர், விழுப்புரம் என்று இரண்டாகப் பிரிந்துவிட்டது. இன்றைய வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் ஊர் அகப்படாது. போதாக்குறைக்கு, பாளையம் என்று முடியும் ஊர்கள் இந்தப் பக்கத்தில் எத்தனை எத்தனை!

தேடல் எங்கே தொடங்க வேண்டும்? நம்மவர்கள் பலர் முதல் கப்பலிலிருந்து தேடத் தொடங்குகிறார்கள். 1853-இல் மார்த்தினிக் தீவுக்கும் 1854-இல் குவாதலூப் தீவுக்கும் முதன்முதலில் இந்தியர்களை ஏற்றிப்போன ‘ஒரேலி’ கப்பலின் பெயர் புகழ்பெற்றது என்பதால் எல்லோருக்கும் அதில் ஏறிய தாத்தா வேண்டும். தேட வேண்டிய திசை நேர்மாறானது. தெரிந்தவரிடமிருந்து தெரியாதவருக்குப் போக வேண்டும். பாட்டியின் இறப்புப் பதிவில் அவருடைய பெற்றோர் பெயர் இருக்கும். அதை வைத்து அந்தப் பெற்றோரின் திருமணப் பதிவு. அதில் மாப்பிள்ளையின் குடியேற்ற எண். அந்த எண்ணைப் பிடித்தால் குடியேறியோர் பதிவேடு, அங்கிருந்து கப்பல். பிரெஞ்சு நிர்வாகம் பத்தாண்டுக்கு ஒருமுறை பிறப்பு, திருமணம், இறப்புக்கு அகரவரிசை அட்டவணை தயாரித்தது. ஆண்டு தெரியாதவர்களுக்கு அதுதான் வழிகாட்டி.

இன்னொரு நல்ல செய்தி உண்டு. 1776-இல் பிரெஞ்சு மன்னர் 16-ஆம் லூயி போட்ட ஆணைப்படி, குடியேற்ற நாடுகளின் பதிவேடுகளுக்குப் படி எடுத்துத் தாய்நாட்டுக்கு அனுப்ப வேண்டும். தீவில் புயலும் கரையானும் தின்றதுபோக, படி தப்பித்தது. பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரத்தில் உள்ள கடல்கடந்த நாடுகளின் தேசியக் காப்பகம் அவற்றில் பெரும்பகுதியை ஒளிப்படமாக்கி இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. ரீயூனியன், குவாதலூப், மார்த்தினிக் ஏடுகளோடு புதுச்சேரி ஏடுகளும் அதில் உண்டு. வீட்டில் உட்கார்ந்தபடி பக்கம் பக்கமாகப் புரட்டலாம்.

பெயர்தான் முதல் முட்டுக்கட்டை. எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார். ஒரே ஆள் கப்பல் பட்டியலில் ஒரு மாதிரி, கல்யாணப் பதிவில் ஒரு மாதிரி, இறப்பில் வேறு மாதிரி. வீரப்பன் ‘விராபேன்’ ஆனார், சிதம்பரம் ‘சிதம்பரோம்’ ஆனார். எழுத்தைப் பார்க்காமல் வாய்விட்டுப் படித்தால் பெயர் பிடிபடும். இங்கிருந்து ஒற்றைப் பெயரோடு போனவர்களின் அந்தப் பெயரே பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. குவாதலூப்பில் 1863-இல் பிறந்த ஆன்ரி சிதம்பரோம் அப்படிப் பெயர் வாங்கியவர். இந்தியக் கூலிகளின் பிள்ளைகளுக்குக் குடியுரிமை இல்லை என்று வாக்காளர் பட்டியலிலிருந்து ஒதுக்கியபோது, 1904-இல் அவர் தொடங்கிய போராட்டம் 1923-இல் வெற்றி கண்டது.

திருமணப் பதிவுதான் இந்தத் தேடலின் பொக்கிஷம். பிரெஞ்சு முறையில் அது ஒரு வரிக் குறிப்பு அல்ல, ஒரு பக்கம் நீளும் சிறு கதை. மணமக்களின் வயது, தொழில், பிறந்த இடம், இரு தரப்புப் பெற்றோரின் பெயர், அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா இல்லையா, நான்கு சாட்சிகள், அவர்களின் வயதும் தொழிலும், கையெழுத்துப் போடத் தெரியாது என்ற குறிப்பு. பிறப்புச் சான்று காட்ட வழியில்லாத தமிழருக்குத் தெரிந்தவர்கள் வந்து சாட்சி சொன்னார்கள். அந்தச் சாட்சிகளைக் கவனித்துப் படியுங்கள். ஒரே கப்பலில் வந்தவர், பக்கத்து ஊர்க்காரர், மச்சான் முறைக்காரர் அங்கேதான் நிற்பார்.

பதிவின் கடைசிப் பகுதியை இன்னும் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். அங்கே சில சமயம் பிள்ளைகளின் பட்டியல் வரும்! கல்யாண நாளிலேயே பத்து வயது மகன், ஏழு வயது மகள். இதைப் பார்த்து இன்றைய வாரிசுகள் சிலர் திகைக்கிறார்கள். திகைக்க ஒன்றுமில்லை. அம்மன் கோயிலில் தாலி கட்டி, தோட்டத்துச் சனம் முன்னால் குடித்தனம் நடத்தியவர்கள் அவர்கள். சட்டத்தின் கண்ணில் அது கல்யாணமாகவில்லை. எனவே பிள்ளைகள் தாயின் பெயரில் மட்டும் பதிவானார்கள். பிறகு ஒருநாள் நகர மன்றத்துக்குப் போய்ப் பதிவுத் திருமணம் செய்தபோது, பிள்ளைகளைத் தம் பிள்ளைகள் என்று இருவரும் அறிவித்தார்கள். உடனே அந்தப் பிள்ளையின் பழைய பிறப்புப் பதிவின் ஓரத்தில் எழுத்தர் சின்னதாக ஒரு குறிப்பு எழுதினார். ஒரே பிள்ளை முன்பு அம்மா பெயரில், பின்பு அப்பா பெயரில். ஓரக்குறிப்பைப் படிக்காமல் விட்டால் இவரை இரண்டு ஆள் என்று எண்ணிவிடுவோம். ரீயூனியனில் மீனாட்சி இன்று ‘மினாச்சி’ என்று ஒரு குடும்பப் பெயராக வழங்குகிறது. அத்தகைய பெயர்களில் சிலவற்றுக்குப் பின்னால் பதிவுத் திருமணம் செய்யாமலே போன ஒரு தாய் இருக்கலாம்.

சில பெரியவர்களுக்கு இரண்டு கல்யாணம். கப்பல் ஏட்டில் ‘மணமானவர்’ என்றிருக்கும். மனைவி கப்பலில் இருக்க மாட்டாள். ஏழெட்டு வருஷம் கழித்துத் தீவில் அவர் வேறொரு பெண்ணை மணக்கும்போது, துணை இழந்தவர் என்றோ மணமாகாதவர் என்றோ எழுதியிருக்கும். இந்த இரண்டு வரிகளுக்கு நடுவே ஊரில் ஒரு பெண் காத்திருந்திருக்கலாம், பிள்ளையும் இருந்திருக்கலாம். தாது வருஷப் பஞ்சம் அவளைக் கொண்டுபோயும் இருக்கலாம். 1876-இலிருந்து 1878 வரை சென்னை மாகாணத்தில் வீடு வீடாகச் சாவு விழுந்த காலம் அது. ஏடு இதற்குப் பதில் சொல்லாது. கிழக்குக் கடற்கரையில் ஒரு கிளையும் தீவில் ஒரு கிளையும் ஒன்றையொன்று அறியாமல் வளர்ந்திருப்பதற்கு இது போதும்.

கப்பலேறும் இடத்திலும் கல்யாணங்கள் நடந்தன. ஆங்கிலேயரின் பீஜித் தீவுகளுக்கு 100 ஆண்களை ஏற்றினால் 40 பெண்களை ஏற்ற வேண்டும் என்பது விதி. துறைமுகக் கிடங்கில் காத்திருந்த வாரங்களில் தனியாக வந்தவர்கள் ஜோடி சேர்ந்து கணவன் மனைவியாகப் பதிந்துகொண்டது உண்டு. பீஜியின் பயணச் சீட்டில் அப்பா பெயர், நெருங்கிய உறவினர் பெயர், மணமாகியிருந்தால் யாரை என்று தனித்தனி இடம் இருந்தது. வட இந்தியாவிலிருந்து போனவர்களின் 45,439 சீட்டுகளைக் கணினியில் ஏற்றி ஆராய்ந்தார் வரலாற்றாசிரியர் பிரிஜ் லால். கூலியாளின் கொள்ளுப்பேரன்களும் பேத்திகளும் பயன்படுத்தும் வழிமுறைகளுக்கு அந்த உழைப்பு ஒரு முன்னோடி.

பதிவில்லாத கல்யாணம் எவ்வளவு பெரிய ஆபத்து என்பதைத் தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் கண்டார்கள். சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று நேட்டாலின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911 வரை 1,52,184 இந்தியர்கள் நேட்டாலுக்குப் போனார்கள். 1913 மார்ச் 14 அன்று கேப் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல் அளித்த தீர்ப்பு, கிறித்தவ முறைப்படி நடக்காத திருமணம் செல்லாது என்றது. ஒரே நாளில் மனைவிகள் மனைவிகள் இல்லை என்றாயிற்று. காந்தியின் சத்தியாக்கிரகத்தில் பெண்கள் சிறைக்குப் போகக் காரணங்களில் இதுவும் ஒன்று. தில்லையாடிக் குடும்பத்தில் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த வள்ளியம்மை அப்படிப் போய், நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்தார். அதே ஆண்டு வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் அந்தத் திருமணங்களை ஏற்றது.

இவ்வளவு ஏடு புரட்டாமல் எச்சிலைக் குழாயில் துப்பி மரபணுச் சோதனைக்கு அனுப்பினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஓரளவுக்குத்தான் பயன்படும். ஐந்து தலைமுறைக்கு முந்தைய முன்னோர் 32 பேர். ஒருவரிடமிருந்து நமக்கு வந்திருப்பது சராசரியாக 3 சதவீதம். இரண்டு மனைவிகளின் வழியில் வந்த இரு கிளையினருக்கு ஐந்து தலைமுறை கடந்த பின் கண்டறியும் அளவுக்கு ஒரு பொதுத் துண்டுகூட இல்லாமலே போகலாம். அதற்குமேல், நம் கல்யாண முறை வேறு. அத்தை மகளையோ மாமன் மகளையோ கட்டினால் பிறக்கும் பிள்ளைக்குக் கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி எட்டுப் பேர் இருக்க மாட்டார்கள், ஆறு பேர்தான். தலைமுறை தலைமுறையாக இப்படியே நடந்த சமூகத்தில் தூரத்து உறவினரும் சோதனையில் நெருங்கிய உறவுபோலத் தெரிவார்கள். ஐரோப்பியக் குடும்பங்களை வைத்துக் கட்டிய கணக்கு இங்கே தப்பாகப் பேசும். ஆண்வழி நிறப்புரி அப்பாவிலிருந்து மகனுக்கும், இழைமணி மரபணு அம்மாவிலிருந்து பிள்ளைகளுக்கும் நேர்கோட்டில் போகும். அவை கிளையைக் காட்டும், பெயரைக் காட்டாது. யார் யாரை மணந்தார் என்பதைச் சொல்ல ஏடும் வாய்மொழியும்தான் வேண்டும்.

வாய்மொழிக்குச் சாமியும் துணை நிற்கும். ரீயூனியன் தமிழர்கள் திரௌபதியம்மனுக்குத் தீமிதிக்கிறார்கள், மதுரைவீரனைக் கும்பிடுகிறார்கள். திரௌபதி வழிபாட்டின் மையப்பகுதி செஞ்சியைச் சுற்றிய பழைய தென்னார்க்காடு. ஒரு குடும்பம் எந்தச் சாமிக்கு என்ன படையல் வைக்கிறது என்பது, ஏட்டில் ஊர்ப்பெயர் அழிந்துபோன இடத்தில், தேட வேண்டிய திசையைக் காட்டும் தடயம். நிரூபணம் ஆகாது, தடயம் மட்டுமே.

ஏட்டில் வரும் ஊர்ப்பெயரைச் சரிபார்க்க இங்கே ஆள் வேண்டும். தீவிலிருந்து வருபவர் கையில் ஓர் எண்ணும் ஒரு திருமணப் பதிவின் படியும் வைத்துக்கொண்டு, ஊர்ப்பெயரைத் திக்கித் திக்கிச் சொல்வார். அவருக்குத் தேவை அந்தக் குடும்பத்தில் யாராவது கடல் தாண்டிப் போனதாகக் கேள்விப்பட்ட ஒரு பாட்டி. அந்தப் பாட்டிகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். குயிலாப்பாளையம், மரக்காணம் பக்கத்து வாசகர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வீட்டில் மூத்த பெண்மணி இருந்தால் இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: உங்கள் அம்மா பெயர் என்ன, அவருடைய அம்மா பெயர் என்ன, எந்த ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தார், திரும்பி வராமல் போன ஆண்கள் யார், எந்தக் கோயிலில் பொங்கல் வைத்தார்கள். சொன்னதைச் சொன்னபடி எழுதி, தேதி போட்டு வையுங்கள். பெட்டியில் கிடக்கும் பழைய பத்திரத்தைக் கரையான் தொடும் முன் படம் எடுத்து வையுங்கள்.