இழுக்குமான்னு கேட்காதீங்க, நிக்குமான்னு கேளுங்க

கோடை உழவு முடிஞ்சு, ஏரி வண்டலும் தொழு உரமும் அடிக்கிற காலம் இது. நம்ம சேலம், நாமக்கல் பக்கம் எந்தக் காட்டு வழியில் போனாலும் முன்னாடி ஒரு டிராக்டர் டிரெய்லரோடு போய்க்கிட்டிருக்கும். இயற்கை விவசாயத்துக்கு வந்த பலர் முதலில் வாங்குவது ஒரு மினி டிராக்டர். அடுத்து, கிடைத்த விலைக்கு ஒரு பழைய டிரெய்லர். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துமா என்று யாரும் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. அதனால் பட்டதைச் சொல்கிறேன்.

என்னுடையது 27 குதிரைத்திறன் மினி டிராக்டர். டிரெய்லர், பெரிய டிராக்டருக்குக் கட்டியதை உயரம் குறைத்து விற்ற இரண்டு சக்கர வண்டி. "இந்த வண்டி இதை இழுக்குமாங்க?" என்று விற்றவரிடம் கேட்டேன். "மலையவே இழுக்குங்க" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. நான் கேட்ட கேள்விதான் தப்பு.

ஏரியில் வண்டல் ஏற்றினோம். பொக்லைன்காரர் இரண்டு வாளி அள்ளிப் பின்பக்கமாகக் கொட்டிவிட்டார். கரைமேல் ஏறும்போது முன்சக்கரம் லேசாகத் தூக்கியது, ஆனால் ஏறிவிட்டது. மறுபக்கம் இறங்கும்போது பிரேக்கை முழுசாக மிதித்தேன். பின்சக்கரம் சுற்றாமல் நின்றுவிட்டது, வண்டி நிற்கவில்லை. டிரெய்லர் பின்னாலிருந்து தள்ள, டிராக்டர் குறுக்கே திரும்பி ஒரு பனைமரத்தில் முட்டி நின்றது. மட்கார்டில் உட்கார்ந்து வந்த என் தம்பி மகனுக்குக் கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. உயிர் தப்பியது அந்தப் பனையால்.

எடைமேடையில் தெரிந்தது

பிறகுதான் வண்டியை மரவள்ளிக் கிழங்கு எடை போடும் எடைமேடைக்கு ஓட்டிப் போனேன். டிராக்டர், என்னையும் சேர்த்து, 980 கிலோ. வெறும் டிரெய்லர் 1,050 கிலோ. பெட்டி 8 அடி நீளம், 5 அடி அகலம், 2 அடி உயரம், ஆக 80 கன அடி. ஈர வண்டல் கன அடிக்கு 48 கிலோ வரை வரும். பெட்டி நிறைய என்றால் 3,840 கிலோ. டிரெய்லரோடு சேர்த்தால் 4,890. ஒரு டன் கூட இல்லாத டிராக்டரை ஐந்து மடங்கு எடை பின்னாலிருந்து தள்ளியிருக்கிறது.

நம்ம டிராக்டர்களில் பெரும்பாலும் பின்சக்கரத்துக்கு மட்டும்தான் பிரேக். டிரெய்லருக்குப் பிரேக் கிடையாது. என் டிராக்டரின் பின்சக்கரத்தில் அழுந்தும் எடை சுமார் 600 கிலோ. காய்ந்த தரையில் டயர், தன்மேல் அழுந்தும் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம்தான் பிடிக்கும். அதாவது 360 கிலோ விசை. பிரேக் எவ்வளவு புதுசாக இருந்தாலும் அதுக்கு மேல் கிடைக்காது, டயர் வழுக்கிவிடும்.

இப்போ மொத்த வண்டி 5,870 கிலோ. 360 என்பது அதில் 6 சதவீதம். பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி இறங்கும் சரிவில், வண்டியைக் கீழே இழுக்கும் விசையே 8 சதவீதத்துக்கு மேல். கணக்குப்படியே அந்த வண்டி நிற்காது. என் கால் பலமோ, ஓட்டும் அனுபவமோ இதில் ஒன்றும் செய்ய முடியாது.

சமதளத்திலும் பாருங்க. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தால், வெறும் டிராக்டர் நாலரை மீட்டரில் நிற்கும். அந்த வண்டல் பாரத்தோடு 25 மீட்டர் ஓடித்தான் நிற்கும். குறுக்கே ஆடு வந்தாலும் குழந்தை வந்தாலும் அதே 25 மீட்டர்தான்.

அப்படியானால் ஏன் இழுத்தது? தார் ரோட்டில் ஒரு டன்னை நகர்த்த 20 கிலோ விசை போதும். குறைந்த கியரில் சின்ன எஞ்சினே தாராளமாக இழுக்கும். அதுவே உழுத புழுதியில் டன்னுக்கு 100 கிலோவுக்கு மேல் வேணும். அதனால்தான் ரோட்டில் சுகமாக வந்த வண்டி காட்டுக்குள் புதைகிறது.

பாரம் எவ்வளவு?

பிரேக் இல்லாத டிரெய்லர், பாரத்தோடு சேர்த்து, டிராக்டர் எடையைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் போகக் கூடாது என்பது அமெரிக்காவில் பண்ணைப் பாதுகாப்புக்குச் சொல்லும் விதி. நம்ம ஊரில் யார் கடைப்பிடிக்கிறார்கள் என்று சிரிப்பீர்கள். நானும் சிரித்தவன்தான்.

என் டிராக்டருக்கு ஒன்றரை மடங்கு 1,470 கிலோ. பழைய டிரெய்லரே 1,050 கிலோ தின்றுவிட்டால், பாரத்துக்கு மிச்சம் 420 கிலோ. அதை விற்றுவிட்டு, அதே நீள அகலத்தில் 450 கிலோ எடையுள்ள டிரெய்லர் கட்டிக்கொண்டேன். லாரி பாடி கட்டுவதற்குப் பேர்போன நாமக்கல்லில் இதற்குப் பட்டறைக்கா பஞ்சம்? இப்போ 1,020 கிலோ ஏற்றலாம். டிரெய்லர் வாங்கும்போது பெட்டி எவ்வளவு கொள்ளும் என்பதற்கு முன்னால், வெறும் எடை எவ்வளவு என்று கேளுங்க.

பெட்டி நிறைவதை வைத்துப் பாரத்தைக் கணிக்கவும் கூடாது. நன்றாக மக்கி உலர்ந்த தொழு உரம் கன அடிக்கு 17 கிலோ அளவில் இருக்கும். என் பெட்டியில் ஒன்றரை அடி உயரம் போட்டால் 1,020 கிலோ, சரியாக வந்துவிடும். மழையில் நனைந்த எரு 25 கிலோ வரை போகும், ஓரடி உயரத்தோடு நிறுத்தணும். ஈர வண்டல் என்றால் அரையடிதான். பெட்டியின் உள்பக்கம் பெயிண்டால் மூன்று கோடு போட்டு வைத்திருக்கிறேன். ஏற்றுகிற ஆளுக்குக் கோடு போதும், கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஏரி வண்டலுக்கு வட்டாட்சியர் அனுமதியில் புன்செய் ஏக்கருக்கு 90 கன மீட்டர் வரை எடுக்கலாம். ஈரத்தோடு அது 150 டன். மினி டிராக்டரில் ஓட்டினால் 150 நடை ஆகும். அந்த ஆசையில்தான் குவித்து ஏற்றுகிறோம். வண்டலுக்குப் பெரிய வண்டியை வாடகைக்கு எடுங்க. எருவுக்கும் மூடாக்குக்கும் விளைச்சலுக்கும் மினி போதும்.

முன்பாரம், பின்பாரம்

கட்டை வண்டி ஓட்டிய தாத்தாக்களுக்கு இது தெரியும். முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து அமுங்கும். பின்பாரமானால் நுகத்தடி மேலே தூக்கி, பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். இரண்டு சக்கர டிரெய்லருக்கும் அதே நியாயம்தான். பின்பாரம் ஏற்றினால் கொக்கி மேலே தூக்கி, டிராக்டரின் பின்சக்கரம் பிடிப்பை இழக்கும். எனக்கு நடந்ததில் இதுவும் சேர்ந்திருந்தது. முன்பாரம் மிஞ்சினால் முன்சக்கரம் தூக்கி, ஸ்டியரிங் பேச்சுக் கேட்காது. அச்சுக்கு மேலே பரவலாகப் போட்டு, கொஞ்சம் மட்டும் முன்னால் தள்ளி இருக்கட்டும்.

ஓட்டும்போது

டிரெய்லரைக் கீழே உள்ள இழுவைக் கொக்கியில் மட்டுமே மாட்டுங்க. மேலே மாட்டினால் ஏற்றத்தில் டிராக்டர் பின்னால் மல்லாந்துவிடும். பின்னுக்குப் பூட்டு கிளிப் போட்டு, கூடவே ஒரு சங்கிலியும் கட்டுங்க.

காட்டில் திரும்ப வசதியாக இடது, வலது பிரேக் மிதிகளைப் பிரித்து வைத்திருப்போம். ரோட்டுக்கு ஏறும் முன் இரண்டையும் தாழ் போட்டு இணைக்கணும். ஒன்று மட்டும் பிடித்தால் வண்டி சுழன்றுவிடும்.

சரிவில் இறங்கத் தொடங்கும் முன்னாலேயே குறைந்த கியர் போடுங்க. பாதியில் கிளட்ச் மிதிக்கவோ நியூட்ரல் போடவோ கூடாது. டீசல் மிச்சம் பிடிக்கும் இடம் அதுவல்ல.

டிரெய்லர் பின்னால் சிவப்பு ஒளிர்பட்டை ஒட்டுங்க. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த எடைக்கு மேல் ஏற்றினால், 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம்.

மட்கார்டிலும், கொக்கி மேலும், பாரத்தின் மேலும் ஆளை ஏற்றாதீங்க. இதை நான் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லணும்.

தம்பி மகன் இப்போது நடக்கிறான், மழைக்காலத்தில் மட்டும் வலிக்கிறது என்பான். நீங்கள் ஒரு வேலை செய்யுங்க. அடுத்த முறை எடைமேடைப் பக்கம் போகும்போது டிராக்டரைத் தனியாகவும், வெறும் டிரெய்லரைத் தனியாகவும் ஏற்றி எடை போட்டு, சீட்டை டூல் பாக்ஸில் வையுங்க. டிராக்டர் எடையில் ஒன்றரை மடங்கு, அதில் டிரெய்லர் எடை போக மீதி. அதுதான் பிரேக் இல்லாத டிரெய்லரில் நீங்கள் ஏற்றவேண்டிய பாரம்.