அடுக்களைத் தோலும் பால் உறையும்

மும்பையின் அடுக்குமாடிகளில் குடியிருக்கும் நமக்குக் குப்பை என்பது வாயிற்படிக்கு வெளியே வைத்தவுடன் மறைந்துபோகும் பொருள். காலையில் கூடையை வைக்கிறோம். ஊழியர் எடுத்துச் செல்கிறார். அத்துடன் கடமை தீர்ந்ததென்று கதவைச் சாத்திக்கொள்கிறோம். ஊரில் நம் பாட்டிமார் இவ்வாறு இருந்ததில்லை. கழுநீரும் காய்த்தோலும் மாட்டுத் தொட்டிக்கு, சாம்பல் பாத்திரம் துலக்க, எஞ்சியது கொல்லைக் குப்பைக்குழிக்கு என ஒவ்வொன்றுக்கும் ஒரு போக்கிடம் இருந்தது. இங்கே மாடும் இல்லை, கொல்லையும் இல்லை.

செம்பூர் அன்பர்களுக்கு நாம் அதிகம் விளக்க வேண்டியதில்லை. அவர்கள் இல்லங்களுக்கு வெகு தொலைவில் இல்லாத தேவனாரில் 1927 முதல் நகரத்துக் குப்பை கொட்டப்பட்டு மலையாக வளர்ந்தது. 2016 ஜனவரி இறுதியில் அது தீப்பற்றி எரிந்தது. சுற்றுப்புறமெங்கும் புகை சூழ்ந்தது, பள்ளிகள் மூடப்பட்டன, விண்ணிலிருந்து எடுத்த படங்களிலும் அப்புகை தெரிந்தது. குப்பை எவ்வாறு எரிகிறது? வாழைப்பழத் தோலும் மிஞ்சிய சோறும் காற்றுப் புகாமல் புதையுண்டு அழுகும்போது மீத்தேன் என்னும் எரிவாயு தோன்றுகிறது. பின்னர் ஒரு சிறு பொறி போதும். அருகில் கிடக்கும் பிளாஸ்டிக்கும் கந்தலும் தீயை வளர்த்துக்கொள்கின்றன.

ஈரக் குப்பை, உலர் குப்பை, கேடு விளைக்கும் குப்பை என்று வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்க வேண்டும் என 2016ஆம் ஆண்டில் மத்திய அரசு வெளியிட்ட விதிகள் கூறின. மறு ஆண்டில் மும்பை மாநகராட்சி, நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் பெரிய குடியிருப்புகள் ஈரக் குப்பையைத் தம் வளாகத்திலேயே பக்குவப்படுத்த வேண்டும் என்று பணித்தது. சில குடியிருப்புகள் முனைந்து செய்தன. பல குடியிருப்புகளில் கூட்டம் கூடி விவாதித்ததோடு சரி. விதி எவ்வாறாயினும் ஆகுக. ஈரத்தையும் உலர்ந்ததையும் ஒரே கூடையில் இடுவதால் இரண்டும் கெடுகின்றன என்பதை இல்லத்தரசியர் அறிந்தால் போதும். சாம்பார் ஊறிய செய்தித்தாளை எந்த ரத்திவாலாவும் தொடமாட்டார். காகிதமும் கண்ணாடித் துண்டும் கலந்த காய்த்தோல் உரமாகவும் உதவாது.

இப்படிக் கலந்து போவதைப் பின்னர்ப் பிரிப்பவர் யார்? கைகளால் கிளறிப் பொறுக்கும் மனிதர்களே. தாராவியில் பிளாஸ்டிக்கை வகை பிரிக்கும் தொழில் பல்லாண்டுகளாக நடந்துவந்தது. ஒரு துண்டை நீரில் இட்டு, மிதக்கிறதா அமிழ்கிறதா என்று பார்த்தே அதன் இனத்தைச் சொல்லும் தேர்ச்சி அங்குள்ளோர்க்கு உண்டு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய நம்மவர் பலர் வாழும் ஊர் அது. நாம் எறியும் அழுகல் யார் கையில் படுகிறது என்பதை எண்ணிப் பார்க்கலாம். (பழைய பொருள்களுக்கு இந்நகரில் ‘பங்கார்’ என்று பெயர். பெங்களூரிலிருந்து புதிதாக வந்த குடும்பத்தார் தெருவில் இக்குரல் கேட்டுத் திகைப்பதுண்டு. கன்னடத்தில் அது பொன்னைக் குறிக்கும் சொல்லை ஒத்திருக்கிறதல்லவா!)

பால் உறையைப் பற்றி ஒரு சொல். உறையின் மூலையை முழுதும் கத்தரித்து எறிவதே பெரும்பாலான இல்லங்களில் வழக்கம். அந்தச் சிறு துண்டை எவராலும் பொறுக்கி எடுக்க இயலாது; அது சாக்கடைக்கோ கடலுக்கோ சென்றுவிடும். மூலையை முக்கால் பங்கு வெட்டி உறையோடு ஒட்டிய நிலையிலேயே விடுக. பாலை ஊற்றியபின் உறையை அலசிக் கொடியில் உலர்த்திச் சேர்த்துவைத்தால் பங்கார்க்காரர் மகிழ்ந்து வாங்கிக்கொள்வார்.

இனி ஈரக் குப்பை. பலகணி ஓரத்தில் ஒரு மண்தொட்டிக்கு இடம் இருந்தால் போதும். பக்கங்களிலும் அடியிலும் துளைகள் வேண்டும். உரம் ஆவது காற்றால் வாழும் நுண்ணுயிர்களின் வேலை. அடியில் தேங்காய் நாரைப் பரப்புக. நம் வீடுகளில் தேங்காய்க்கும் நாருக்கும் பஞ்சம் இராது. அன்றாடத் தோல், காம்பு, வாடிய கீரை ஆகியவற்றைச் சிறிதாக நறுக்கி நீரை வடித்து இடுக. அதன்மேல் ஏறத்தாழ அதே அளவு சருகோ நார்த்தூளோ மரத்தூளோ தூவுக. தொடக்கத்தில் புளித்த மோரை நீரில் கலந்து தெளித்தால் வேலை விரைவில் தொடங்கும். டிகாக்ஷன் இறக்கிய காப்பித்தூள் இதற்கு மிகவும் ஏற்றது. மும்பைக்கு வந்து நம்மவர் பாதிப்பேர் தேநீருக்கு மாறிவிட்டனர். பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கொதித்த தேயிலையானால் அலசி இட வேண்டும், இல்லையேல் எறும்பு படையெடுக்கும்.

நாற்றம் எழுந்தால் ஈரம் மிகுந்தது என்று பொருள். சருகு சேர்த்துக் கிளறிவிட்டால் அடங்கும். பல நாளாகியும் மாற்றமே இல்லையானால் சிறிது நீர் தெளிக்க வேண்டும். தொட்டியின் நடுவில் கைவைக்க இளஞ்சூடு தெரிந்தால் அச்சம் வேண்டா, நல்ல அறிகுறியே. மீனும் எலும்பும் எலியை வரவழைக்கும். எண்ணெய் ஊறிய பதார்த்தங்களைத் தவிர்ப்பது நன்று. தேங்காய் ஓடும் மாங்கொட்டையும் எளிதில் மட்கா.

மழைக்காலம்தான் சோதனை. ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றே நனைந்திருக்கும் இந்நகரில் சருகுக்கு எங்கே போவது? மரங்கள் இலை உதிர்க்கும் மாசி, பங்குனியில் ஒரு சாக்கு நிறையச் சேர்த்துவைப்பதே வழி. சிறு ஈக்கள் மொய்த்தால் வேப்பம் புண்ணாக்குத் தூள் தூவலாம்.

உடைந்த கண்ணாடியையும் சவர அலகையும் தடித்த தாளில் சுற்றி, மேலே சிவப்புக் குறியிட்டுத் தனியே கொடுக்க வேண்டும். மாதவிடாய்த் துணிகளுக்கும் இதுவே முறை. பழைய மின்கலங்களும் பாதரசம் உள்ள குழல் விளக்குகளும் ஈரக் கூடையில் விழவே கூடாது.

தொட்டி நிரம்பியபின் ஒதுக்கிவைத்து, வாரம் ஒருமுறை கிளறிவந்தால் 45 முதல் 60 நாளில் உள்ளிருப்பது கருத்து உதிரியாகி, மழை பெய்த மண்ணின் மணம் வீசும். அளவும் வெகுவாகக் குறைந்திருக்கும். சலித்து எடுத்து, ஒரு பங்கு உரத்துக்கு மூன்று பங்கு மண் கலந்து, பலகணியில் ஒரு கறிவேப்பிலைக் கன்று வைக்கலாம்; அதற்கு நல்ல வெயில் வேண்டும், வேரில் நீர் தேங்கலாகாது.