தங்கம் போன மேட்டில் ஜீப் சவாரி

சயனைடு மேட்டின் அடிவாரத்தில் ஜீப்பை நிறுத்தியதும் முதல் வேலை, டயர்களில் காற்றை இறக்குவது. தார்ச் சாலையில் 28 பவுண்டு காற்றோடு ஓடிய டயர், இங்கே 18க்கு வந்தால்தான் மாவு போன்ற மண்ணில் அகலமாகப் படிந்து, புதையாமல் உருளும். பிறகு ஃபோர்-வீல் லீவரைத் தள்ளி, லோ கியரில் மெல்ல ஏற்ற வேண்டியதுதான்.

பெங்களூரிலிருந்து கோலார் தங்கவயல் சுமார் 100 கிலோமீட்டர். விடியலில் கிளம்பினால் காலைச் சிற்றுண்டிக்கு வந்துவிடலாம். நகரத்து ஜீப் பிரியர்களுக்குக் கைக்கெட்டும் 'மலைப்பாதை' இது. ஆனால் இயற்கை எழுப்பிய மலையல்ல. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து, 2001 பிப்ரவரி 28இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்படும்வரை, பூமிக்கடியிலிருந்து வெட்டியெடுத்த பாறையை மாவாக அரைத்து, பின்னாளில் சயனைடு கரைசலில் கரைத்து, தங்கத்தைப் பிரித்தார்கள். மிஞ்சிய சக்கைதான் 13 மேடுகளாகக் குவிந்து கிடக்கிறது. சுமார் 3.3 கோடி டன்! வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்து குடியேறிய கூலிகளின் மூன்று, நான்கு தலைமுறை உழைப்பின் எச்சம்.

ஜீப்காரர்களுக்கு இதில் என்ன ருசி? மழைதான் காரணம். ஒவ்வொரு பருவத்திலும் மழைநீர் மேட்டைக் கீறி ஆழமான ஓடைகளை வெட்டிவிடுகிறது. போன வருடம் ஏறிய பாதை இந்த வருடம் இருக்காது. மேலே காய்ந்து இறுகிய ஓடு கெட்டித் தரை போலத் தெரியும். சக்கரம் ஏறியதும் பொலபொலவென்று உதிரும். ஓடையின் விளிம்பில் ஒரு முழம் தள்ளிப் போனாலும் வண்டி பக்கவாட்டில் சாய்ந்துவிடும். அதனால்தான் இது தனியாள் விளையாட்டல்ல. ஒரு வண்டி ஏறி முடிக்கும்வரை அடுத்தது கீழே காத்திருக்க வேண்டும். முன்னால் ஒருவர் நடந்து போய்க் கையசைத்து வழிகாட்ட வேண்டும். சக்கரம் சுழன்று புதையத் தொடங்கினால் ஆக்ஸிலேட்டரை மிதிப்பது மடத்தனம். இறங்கி, மண்ணை வாரி, பின்னால் வரும் வண்டியில் பட்டையைக் கட்டி இழுப்பதே வழி. அந்த இழுபறிக்காகவே வருகிறவர்களும் உண்டு.

பிரச்சினை புழுதியில் இருக்கிறது. சயனைடு என்ற பெயரைக் கேட்டுத்தான் வெளியூர்க்காரர்கள் பயப்படுகிறார்கள். வெயிலிலும் காற்றிலும் சயனைடு நாளடைவில் சிதைந்துவிடும். சிதையாதது சிலிக்கா. மாவாக அரைபட்ட குவார்ட்ஸ் பாறை அது. மூச்சோடு போனால் நுரையீரலில் தங்கிவிடும். இந்தியாவில் சிலிகோசிஸ் நோய் முதலில் பதிவானதே இந்தத் தங்கவயலிலிருந்துதான், 1947இல். சுரங்கத்துக்குள் பாறையைத் துளைத்தவர்களின் நோய் அது. இன்று காற்றடிக்கும் மாதங்களில் அதே பாறையின் தூள், கீழேயுள்ள லைன் வீடுகளின் கூரைமீதும் கொடியில் காயும் துணிமீதும் படிகிறது. இறுகிய ஓடு ஓரளவுக்கு அதைத் தடுக்கும் மூடி. ஜீப் சக்கரம் உடைப்பது அந்த மூடியைத்தான். மண்ணைப் பிடித்து நிறுத்தும் செடிகொடிகளுக்கும் அதே கதி.

சுரங்கம் மூடிய பிறகு தங்கவயல்காரர்கள் தினமும் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய்த் திரும்புகிறார்கள். அவர்கள் வீட்டில் இருப்பது ஞாயிற்றுக்கிழமை. ஜீப்புகள் வருவதும் அன்றுதான்.

ஊர் எப்போதும் வாய்மூடி இருந்ததில்லை. 2019இல் 'கே.ஜி.எஃப்.' இரண்டாம் பாகத்தின் படப்பிடிப்பால் மேடு பாழாகிறது என்று வழக்குப் போட, உள்ளூர் நீதிமன்றம் படப்பிடிப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது. சினிமாப் படையோடு ஒப்பிட்டால் பத்து ஜீப்புகள் கிளப்பும் தூசி சொற்பம்தான். ஆனாலும் மழை பெய்து மண் நனைந்த பிறகு வருவது, குடியிருப்புப் பக்கத்துச் சரிவைத் தொடாமல் ஓட்டுவது, நிறுவனத்திடம் அனுமதி வாங்குவது – இவை ஒன்றும் கஷ்டமான காரியங்களல்ல. வார நாளெல்லாம் பெங்களூருக்கு உழைப்பவர்களுக்கு நகரம் இந்த அளவு மரியாதையாவது காட்டலாம்.

அதற்கும் அவகாசம் குறைவுதான். சக்கையில் இன்னும் தங்கம் ஒட்டியிருக்கிறது. 13 மேடுகளையும் மீண்டும் தோண்டியெடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பரப்பு 1,003 ஏக்கர். வேலை தொடங்கினால் ஜீப்புகள் இறங்கிய சரிவில் லாரிகள் ஏறும். கொடியில் துணி காயப்போடுகிறவர்கள் வாரத்தின் ஏழு நாளும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.