உறங்கும் தசையும் இறந்த தசையும்

மாரடைப்பினின்றும் பிழைத்தெழுந்த ஒருவருக்கு இருதயத்தின் ஒரு பகுதி அசையவில்லையென மருத்துவர் உரைப்பின், அப்பகுதி இறந்தொழிந்ததென்றே சுற்றத்தார் கொள்வர். அஃது எப்பொழுதும் உண்மையன்று. கவாத்துச் செய்த தேயிலைத் தூறு இலையின்றி நிற்பதைச் சோலூரில் வளர்ந்த யாம் பலகாற் கண்டுள்ளோம். பட்டதோ, துளிர்ப்பதோ என்பது வெளிப்பார்வைக்குப் புலப்படாது. இருதயத் தசையும் அன்னதே. குருதி நெடுநாட் குன்றியவிடத்து அது தன் தொழிலை ஒடுக்கிக்கொண்டு உயிர்மட்டும் தாங்கிக் கிடக்கும். மும்பையிற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய ஷாபுதீன் ரஹிம்தூலா என்பார் 1980-களில் இந்நிலையைக் குளிருறக்கத்திற்கு ஒப்பிட்டு விளக்கினார். அடைப்பு விரைவில் நீக்கப்பெற்றவிடத்தும் தசை திகைத்தாற்போற் சில நாளோ சில வாரமோ அசைவற்றிருந்து, பின் தானே தேறுவதுண்டு.

உறங்குவதனை இறந்ததினின்றும் பிரித்தறியச் சோதனைகள் பல உள. அவை ஒன்றையே வினவுவன அல்ல.

டோபுடமின் என்னும் மருந்தைச் சிறிதளவு செலுத்தி எக்கோக் கருவியாற் பார்ப்பது, தசை தூண்டினால் அசையுமா என வினவுகின்றது. கதிர்வீச்சில்லை; செலவுங் குறைவு. ஆயின் உயிரிருந்தும் அசைய வலியற்ற தசையை இது தவறவிடும். தாலியச் சோதனை வேறு வழியிற் செல்லும். தாலியம் பொட்டாசியத்தை ஒத்ததாகலின் உயிருள்ள அணுக்களே அதனை உள்ளிழுத்து வைத்திருக்கும். பெட் சோதனையோ, தசை சர்க்கரையை உண்கின்றதா எனக் காண்பது. உறங்கும் தசையைக் கண்டுபிடிப்பதில் இதுவே கூர்மை மிக்கது. நீரிழிவுடையார்க்கு முன்னேற்பாடு மிக வேண்டும். அன்றியும், இதற்குரிய கதிரியக்க மருந்து 110 நிமிடத்திற் பாதியாய்த் தேய்வது. கோவையினின்றும் உதகைக்கு மலையேற 3 மணி நேரமெனக் கொள்ளின், ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே எஞ்சும். ஆதலின் மருந்தை மலையேற்றுவதினும் நோயாளரைக் கீழிறக்குதலே எளிது.

எம்.ஆர்.ஐ. சோதனை வடுவையே நேரிற் காட்டுகின்றது. கடோலினியம் உயிருள்ள அணுக்களுட் புகாது. தசை மாய்ந்து வடுவானவிடத்து மிகுதியாய்த் தங்கிச் சில நிமிடங்களின் பின் வெண்மையாய் ஒளிரும். சுவரின் கனத்தில் எத்தனை பங்கு மாய்ந்ததென அளக்கவும் இயலும். 2000-ஆம் ஆண்டிற் கிம் முதலியோர் வெளியிட்ட ஆய்விலே, செயல்குன்றிய பகுதிகளுள் வடுவற்றவை குருதியோட்டம் மீட்கப்பெற்றபின் 100-க்கு 78 தேறின. முக்காற்பங்கிற்கு மேல் வடுவானவை 100-க்கு 2 மட்டுமே தேறின. தெளிவில் இதற்கே முதலிடந் தருவோம்.

இனி, யாவரும் எதிர்பாராத செய்தியொன்றுளது. உயிருள்ள தசை மிக்கோர்க்கே அறுவை பயன்படுமென்பது நெடுநாள் நம்பிக்கை. 2011-இல் வெளிவந்த ஸ்டிச் ஆய்வில் 601 பேர் இத்தகைய சோதனைக்கு உட்பட்டனர். உயிருள்ள தசை உடையார்க்கும் இல்லார்க்கும் அறுவையின் பயன் வேறுபட்டதாகத் தெளியப்படவில்லை. 2022-இல் ரிவைவ்ட் என்னும் ஆய்வு, இருதயம் மிக நலிந்து உயிருள்ள தசையும் உடைய 700 பேரை ஆராய்ந்தது. மருந்தோடு ஸ்டென்டும் பெற்றோர், மருந்து மட்டும் பெற்றோரினும் இறப்பிலோ, இருதயத் தளர்ச்சியால் மருத்துவமனை புகுவதிலோ நன்மை மிகப் பெற்றிலர். இதனாற் சோதனை வீணென்பது எம் கருத்தன்று. அது மட்டுமே தீர்ப்புரைக்க வல்லதன்று என்பதே.

எனவே சோலூரினின்றும் ஒரு குடும்பம் நாட்கூலியை இழந்து கோவைக்குப் புறப்படுமுன், "இதன் விடை எதுவாயினும் மருத்துவம் மாறுமா?" என மருத்துவரைக் கேட்டல் வேண்டும். மாறுமென்றாற் செல்க. சிறுநீரகச் சோதனை, சர்க்கரையளவு ஆகியவற்றின் சீட்டுகளை உடன் கொண்டு செல்க. உடலுள் பேஸ்மேக்கர் முதலிய கருவியுண்டேல் அதனை முன்னரே தெரிவித்திடுக.